எந்த ஊர் ட்ரோன்?

"இந்த ட்ரோன் யாருடையது? ஓட்டினவருக்கு லைசென்ஸ் இருக்கா? எடுத்த படமெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

2023 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்கில் எங்கள் பாதுகாப்பு அதிகாரி இந்த மூன்று கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த திரையில் நான் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் கூரை, அதன் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி, கம்பியின் அடியில் துரு. இளவெயிலில் எடுத்ததால் துருகூட அழகாகத் தெரிந்தது. கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

என் பதில்கள் வரிசையாக இவை: என்னுடையது. இல்லை. என் ஃபோனில்.

அறை அமைதியாகிவிட்டது. அன்று மாலை வீட்டில் கதையைச் சொன்னதும் என் மனைவி, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்ப்பா" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

நான் வேலை பார்ப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோ பக்கம் உள்ள ஒரு சின்னத் தண்ணீர் வாரியத்தில். எம்எஸ் முடித்துவிட்டு எட்டு வருஷம் பெரிய கம்பெனிகளில் கோட் எழுதியவன், மகள் பிறந்த பிறகு நிம்மதியான வேலை வேண்டும் என்று இங்கே வந்தேன். வரைபட மென்பொருள், பம்ப் ஹவுஸ் சென்சார்களிலிருந்து வரும் எண்களைத் திரையில் காட்டுவது, இதெல்லாம் என் பொறுப்பு. எங்களிடம் 11 இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்திருக்கும் பெரிய டப்பாக்கள், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது அடி உயரம். வருஷத்துக்கு இரண்டு தடவையும், பெரிய புயல் அடித்தால் அதற்குப் பிறகும், கூரையைப் பார்த்துப் படம் எடுத்து வைக்கவேண்டும். காற்றுப் போக்கியில் உள்ள வலை கிழிந்திருக்கிறதா, மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா, துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். குடிக்கிற தண்ணீர். ஒரு எலி போகிற ஓட்டை இருந்தால் முடிந்தது கதை.

இந்தப் படங்களை எடுத்துவந்தவர் எங்கள் பராமரிப்புப் பிரிவின் மூத்தவர். மெக்சிகோவிலிருந்து சின்ன வயதில் வந்தவர், அப்போது அவருக்கு 58 வயது. எல்லோரையும் 'மிஹோ' என்றுதான் கூப்பிடுவார். ஸ்பானிஷில் மகனே என்று அர்த்தம், நம் ஊர்ப் பெரியவர்கள் 'தம்பி' என்பது மாதிரி. நான் அவரை மனசுக்குள் மேஸ்திரி என்றே வைத்திருந்தேன். இடுப்பில் பெல்ட்டை மாட்டி, கழுத்தில் ஒரு சின்ன கேமராவைத் தொங்கவிட்டு, செங்குத்தான ஏணியில் ஏறுவார். இறங்கியதும் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எனக்கு அப்பா ஞாபகம் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு மேலே ஒரு கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. 70 வயதில் அவர் மூங்கில் ஏணியை வைத்து அதில் ஏறி எட்டிப் பார்ப்பதை வீடியோ காலில் பார்த்து இங்கிருந்து கத்துவேன். "உள்ள பாசி புடிச்சிருக்குடா, நீயா வந்து பாக்கப் போற?" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

என்னிடம் ஒரு டிஜேஐ மினி 3 ப்ரோ இருந்தது. 249 கிராம், உள்ளங்கையில் அடங்கும், 759 டாலர். தமிழ்ப் பள்ளிப் பிக்னிக்குக்கும், யோசெமிட்டி போகும் வழியில் குடும்பப் படம் எடுப்பதற்கும் வாங்கியது. ஒரு சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் ஒரு தொட்டியைச் சுற்றி ஓட்டினேன். இருபது நிமிஷம், 140 படம். மேஸ்திரி ஏறாமலே கூரை முழுக்கத் தெரிந்தது. அந்த உற்சாகத்தில்தான் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் போய் நின்றேன்.

எங்கே தப்புப் பண்ணினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதே தப்பைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் எஃப்ஏஏவில் பதிவு செய்ய வேண்டாம். பொழுதுபோக்கு என்கிற வார்த்தைதான் முக்கியம். ஆபீஸ் வேலைக்கு, வீடு விற்கிற நண்பருக்கு, கோயில் வலைத்தளத்துக்கு என்று ஏதாவது காரியத்துக்காக ஓட்டினால், காசு வாங்காவிட்டாலும், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அது பார்ட் 107 விதிக்குள் வந்துவிடும். ட்ரோனைப் பதிவு செய்யவேண்டும், மூன்று வருஷத்துக்கு 5 டாலர். ஓட்டுபவரிடம் சான்றிதழ் இருக்கவேண்டும். சனிக்கிழமையில் ஓட்டினேன், சம்பளம் வாங்கவில்லை என்பதெல்லாம் செல்லாது.

பாதுகாப்பு அதிகாரி எழுத்தில் ஒரு குறிப்பு அனுப்பினார்: சொந்த ட்ரோன்களை வாரியத்தின் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதோடு நிறுத்தியிருந்தால் ட்ரோன் ஆசையை நானும் விட்டிருப்பேன். ஆனால் ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "படங்கள் நன்றாக இருந்தன. முறைப்படி செய்ய வழி பார்" என்றார்.

முதலில் பரீட்சை. 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ், கட்டணம் 175 டாலர். 16 வயதாகி, ஆங்கிலம் தெரிந்தால் எழுதலாம். குடியுரிமை கேட்பதில்லை, விசாவில் இருப்பவர்களும் எழுதலாம். பாஸ் செய்த பிறகு டிஎஸ்ஏ ஒரு பின்னணிச் சோதனை செய்யும். ட்ரோன் ஓட்டத் தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாமே விமானிகள் பார்க்கிற வான்வரைபடம், வானிலைக் குறியீடு, காற்று, எடை பற்றிய கேள்விகள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ராத்திரி சாப்பிடும்போது அவள்தான் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வாத்தியார். "அப்பா, மேகத்துக்கு எத்தனை அடி கீழ இருக்கணும்?" "500." "பக்கத்துல?" "2000." "தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?" "400." தமிழ்ப் பள்ளியில் அவள் வாங்கிய அத்தனை திட்டையும் எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். 60க்கு 53 வாங்கினேன்.

அடுத்தது கொள்முதல். இதை ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். மொத்தம் எட்டு மாதம் ஆனது.

எங்கள் கொள்முதல் பிரிவில் ஓர் அம்மா இருக்கிறார், முப்பது வருஷ சர்வீஸ். எந்தப் பொருளின் பெயரைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது விலையை அல்ல. "எந்தக் காசு?" என்றுதான் கேட்பார். வாரியத்துக்கு வருகிற பணம் எல்லாம் ஒரே பணம் இல்லை. மக்கள் கட்டுகிற தண்ணீர் பில் ஒரு பை. மத்திய அரசு மானியம் இன்னொரு பை. ஒவ்வொரு பைக்கும் தனித்தனி நிபந்தனை. நான் சென்சார் அளவு, மெகாபிக்சல், பறக்கும் நேரம் என்று எட்டுப் பத்தி கொண்ட அட்டவணை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் புரட்டிவிட்டு, "தம்பி, இதுல ஒரு பத்தி இல்லையே. எந்த நாடு?" என்றார். தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு. அவர் கூப்பிட்ட தொனி அப்படித்தான் இருந்தது.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2019இல் அமெரிக்க உள்துறை அமைச்சகம், அதாவது தேசியப் பூங்காக்களையும் மேற்கு மாநில அணைகளையும் பார்த்துக்கொள்ளும் துறை, தன்னிடம் இருந்த சுமார் 800 ட்ரோன்களைத் தரையிறக்கியது. பெரும்பாலானவை சீனாவில் செய்தவை. அதே 2019 டிசம்பரில் வந்த பாதுகாப்புச் செலவுச் சட்டம், ராணுவம் சீன ட்ரோன் வாங்கக் கூடாது என்றது. 2020 டிசம்பரில் டிஜேஐயை வணிகத் துறையும் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. இவை எதுவும் எங்களைப் போன்ற ஒரு குட்டி வாரியத்தை நேராகத் தொடவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. ஹுவாவே, ஹிக்விஷன், தாஹுவா போன்றவற்றின் கருவிகளை மத்திய மானியப் பணத்தில் வாங்கக் கூடாது என்ற விதி 2020 ஆகஸ்டில் வந்தபோது, பம்ப் ஹவுஸ் கேமராக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தவர் அவர்தான். "இன்னைக்கு கேமரா, நாளைக்கு பறக்கிற கேமரா" என்றார்.

நான் வாதாடினேன். கலிஃபோர்னியாவில் உள்ளூர் அமைப்புகளுக்கு அப்படி ஒரு மாநிலத் தடை இல்லை. ஃபுளோரிடாவில் மட்டும்தான் அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து அரசு அலுவலகங்கள் சீன ட்ரோன்களை ஒதுக்கி வைக்கவேண்டி வந்தது. நாம் தண்ணீர் பில் காசில் வாங்கினால் யார் கேட்பார்கள்? ஒரு மென்பொருள்காரனாக எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன்: படம் மெமரி கார்டில்தான் பதிகிறது, ஃபோனை ஏர்ப்ளேன் மோடில் போடலாம், தகவல் வெளியே போகாதபடி வைக்க அமைப்பு இருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போகலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவியா?" என்றார். மாட்டேன். எந்த மென்பொருள்காரனும் மாட்டான். அடுத்த அப்டேட்டில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்று நடக்கவில்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒரு எரிச்சல். நல்ல ட்ரோன், நியாயமான விலை, அதன் மேல் கையில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. பிறந்த ஊர்தான் பிரச்சினை. நம்மில் எத்தனை பேர் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம்? அந்த வரிசையும் பிறந்த நாட்டை வைத்துத்தான், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று. நான் என்ன படித்தேன், என்ன வேலை செய்கிறேன் என்பது வரிசையில் நிற்கும் தகுதியைத்தான் தருகிறது. எவ்வளவு நேரம் நிற்பேன் என்பதைப் பிறப்புச் சான்றிதழ் சொல்கிறது. அந்தக் கொள்முதல் படிவத்தில் 'தயாரான நாடு' என்ற கட்டத்தை நிரப்பியபோது பேனா ஒரு நொடி நின்றது. இதைச் சொன்னதும் என் மனைவி, "ட்ரோனுக்கும் ஜாதகமா?" என்று சிரித்தாள்.

டிசம்பர் 22ஆம் தேதி சட்டமே வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள் அமெரிக்கப் பாதுகாப்பு ட்ரோன் சட்டம் என்று ஒரு பகுதி. மத்திய அரசு அலுவலகங்கள் சீன ட்ரோன்களை வாங்குவது நின்றது. அதைவிட எங்களைத் தொட்டது இன்னொரு வரி: இரண்டு வருஷம் கழித்து, 2025 டிசம்பர் 22 முதல், மத்திய அரசின் மானியப் பணத்தில் அப்படிப்பட்ட ட்ரோனை வாங்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. 'ஓட்டவும்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைக்குத் தண்ணீர் பில் காசில் ட்ரோனை வாங்கிவிடலாம். ஆனால் மானியத்தில் நடக்கிற ஒரு திட்டத்துக்காக அதைப் பறக்கவிட்டால்? எங்கள் 11 தொட்டிகளில் நான்குக்கு மறுவண்ணம் பூசும் வேலை அப்படி ஒரு மானியத்தில்தான் நடக்க இருந்தது. சரி, வெளியாளைக் கூப்பிட்டுப் படம் எடுக்கலாமே என்றால், அவருக்குக் கொடுக்கிற காசும் அதே பைதான். அவர் ட்ரோனின் ஜாதகத்தையும் பார்க்கவேண்டும். ஒரு ட்ரோன் நான்கைந்து வருஷம் உழைக்கும் பொருள். 759 டாலர் ட்ரோன் இரண்டு வருஷத்தில் பாதி வேலைக்கு ஆகாமல் போகும் என்றால், அதன் விலை 759 இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மூன்று மாதமாக எந்த ட்ரோன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

ஜனவரி வந்தது. 17ஆம் தேதி இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து, மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய அமைப்புகளுக்குச் சீன ட்ரோன் பற்றி ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டன. தடை இல்லை, அறிவுரைதான். ஆனால் எங்கள் போர்டில் உள்ள ஐந்து பேரும் அதைப் படித்துவிட்டார்கள். மினி என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அந்த மாதக் கடைசியில் பலத்த காற்றும் மழையும். ஒரு தொட்டியின் காற்றுப் போக்கி மேல் மரக்கிளை விழுந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் ஒருவர் ஃபோன் செய்தார். மழை விட்ட காலையில் மேஸ்திரியும் இன்னொரு பையனும் நானும் போனோம். ஏணிக் கம்பிகளில் ஈரம். என் காரின் பின் சீட்டில் மகளின் ஸ்வெட்டருக்கு அடியில் மினி இருந்தது, சார்ஜ் போட்டு. இப்போது என்னிடம் சான்றிதழ் இருக்கிறது. பதிவு எண் ஒட்டியிருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் மேலே அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எழுத்துக் குறிப்பும் இருக்கிறது, நான் விசாவில் இருக்கிறேன், வேலை போனால் 60 நாள். கார் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

மேஸ்திரி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். மேலே இரண்டு மூன்று படி பாக்கி இருக்கும்போது கால் வழுக்கியது. பெல்ட் பிடித்துக்கொண்டது. இடது தோளில் தொங்கினார், ஐந்தாறு நொடிதான் இருக்கும். பிறகு காலை ஊன்றி, ஏறி, படத்தையும் எடுத்துவிட்டுத்தான் இறங்கினார். தோளில் தசை கிழிந்திருந்தது. ஆறு வாரம் கனமான வேலை கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "மிஹோ, உன் பொம்மை எங்கே?" என்று சிரித்தார். கார் சீட்டில் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாரும் இழுத்தடிக்கவில்லை. ஆனாலும் விதிகள் விதிகள்தான். 5,000 டாலருக்குள் என்றால் துறைத் தலைவர் கையெழுத்துப் போதும். அதற்கு மேல் மூன்று விலைப்புள்ளி வேண்டும். வேடிக்கையைப் பாருங்கள்: மலிவான ட்ரோனை ஒரு கையெழுத்தில் வாங்கலாம், ஆனால் வாங்கக் கூடாது, வாங்கக் கூடிய ட்ரோன் எதுவும் 5,000க்குள் இல்லை. ராணுவத்துக்கு என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 'ப்ளூ யுஏஎஸ்' பட்டியல் ஒன்று இருக்கிறது. நாங்கள் அதைப் பின்பற்றவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதில் இருந்தால் கொள்முதல் அம்மா கேள்வி கேட்க மாட்டார், அவ்வளவுதான். எங்கள் வேலைக்குப் பொருந்துகிற அளவில் இரண்டு கிடைத்தன. ஒன்று கலிஃபோர்னியாவின் ஸ்கைடியோ. வீட்டு உபயோக ட்ரோன் விற்பதை அவர்கள் 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே எக்ஸ்10 என்ற தொழில்முறை மாடலை அறிவித்திருந்தார்கள். இன்னொன்று பாரட் அனாஃபி யுஎஸ்ஏ. பாரட் பிரெஞ்சுக் கம்பெனி, இந்த மாடலை அமெரிக்காவில் செய்கிறார்கள். 500 கிராம், 32 நிமிஷம் பறக்கும், 21 மெகாபிக்சல், 32 மடங்கு ஜூம், கூடவே ஒரு வெப்பக் கேமரா. 2020இல் வந்தபோதே விலை 7,000 டாலர்.

அட்டவணையில் பார்த்தால் எனக்கு வயிறு எரிந்தது. அனாஃபியின் சென்சார் என் மினியின் சென்சாரைவிடச் சின்னது. ஒன்பது மடங்கு விலைக்குச் சின்னக் கண்ணா?

அப்போது மகளின் தமிழ்ப் பள்ளிச் சுவர் அட்டை கண்ணில் பட்டது. கண் டாக்டர் வைத்திருப்பாரே, மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்னது, அது மாதிரி ஒன்று தமிழில் அச்சடித்தேன். மேலே 5 சென்டிமீட்டர் உயரத்தில் அ, ஆ. நடுவில் 1 சென்டிமீட்டரில் ழ, ள, ற, ண. கடைசி வரி 3 மில்லிமீட்டர். ண, ன, ந மூன்றையும் பிரித்துப் படிக்க முடிந்தால் கேமரா தேறும். தொட்டியில் உள்ள வலையில் ஒரு சென்டிமீட்டர் கிழிசல் தெரியவேண்டும் என்பதுதான் எங்கள் தேவை, அதற்கு நடு வரி போதும்.

மார்ச்சில் இரண்டு விற்பனையாளர்கள் செய்துகாட்ட வந்தார்கள். அட்டையை ஒரு தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் கட்டிவைத்தோம். மேஸ்திரி கனமான வேலை செய்யக் கூடாது என்பதால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "என்ன மொழி இது?" என்று கேட்டார். சொன்னேன். ழவைக் காட்டி, "இது வாத்தா?" என்றார்.

எக்ஸ்10 அருமையான இயந்திரம், சந்தேகமே இல்லை. கம்பி, கிளை எதிலும் இடிக்காமல் தானே சுற்றி வந்தது. ஆனால் துணைப் பொருட்களும் வருஷச் சந்தாவும் சேர்த்து வந்த விலைப்புள்ளி 15,000ஐத் தாண்டியது. அனாஃபி வந்தது. அதன் ஜூம் லென்ஸில் 15 மீட்டர் தள்ளி நின்றே நடு வரி தெளிவாகப் படிந்தது. அன்று மாலை வீட்டுத் தோட்டத்தில் அதே அட்டையை மினியை வைத்துப் பார்த்தேன். சாதாரண 12 மெகாபிக்சலில் 4 மீட்டர் கிட்டே போகவேண்டியிருந்தது. 48க்கு மாற்றினால் ஏழு மீட்டர். தொட்டியின் கூரையில் ரேடியோ ஆன்டெனா, கம்பி, ஏணி எல்லாம் உண்டு. அவ்வளவு இரும்புக்குப் பக்கத்தில் ட்ரோனின் திசைகாட்டியும் குழம்பும். நான்கு மீட்டரில் பறப்பதற்கும் 15 மீட்டரில் பறப்பதற்கும் உள்ள வித்தியாசம், காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் தெரியும். சென்சார் சென்சார் என்று ஆறு மாதம் புலம்பிய நான், எங்கள் வேலைக்கு வேண்டியது தூரத்துப் பார்வை என்பதைச் சுவர் அட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்காக அது எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல மாட்டேன். வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவிய மாதிரி இருக்கும். வாரியத்தின் செய்தி மலருக்கு அந்தி வானத்தோடு தொட்டியைப் படம் எடுத்தால், மினி எடுத்ததைப் பார்த்த கண்ணுக்கு அது சப்பென்று இருக்கும். செய்தி மலர் அழகாக இல்லை என்று யாருக்கும் தோள் கிழியப் போவதில்லை.

ஒரே ட்ரோனுக்கு மூன்று கடைகளிடம் விலைப்புள்ளி வாங்கினோம். கூடுதல் பேட்டரி, பெட்டி எல்லாம் சேர்த்து 8,400 டாலர். போர்டு கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "கடையில் இதே மாதிரி 800க்குக் கிடைக்கிறதே?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே கொள்முதல் அம்மா எழுந்தார். எந்தப் பை, எந்தத் தேதி, எந்த வரி என்று நாலே நிமிஷம். எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது.

அந்த அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. தைவானுக்கு விற்றதற்காகச் சீனா ஸ்கைடியோ மேல் தடை போட்டுவிட்டது. அவர்களின் பேட்டரி சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்ததாம். ஒரு ட்ரோனுக்கு ஒரு பேட்டரிதான் என்று அவர்கள் ரேஷன் போடவேண்டி வந்தது. அதை அச்சடித்துக் கொள்முதல் அம்மாவின் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "நம்மகிட்ட எத்தனை பேட்டரி?" என்று மட்டும் கேட்டார். நான்கு.

ஊருக்குப் போகும்போது மினியைக் கொண்டுபோய் அப்பாவின் தொட்டியைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் வெளிநாட்டு ட்ரோன் கொண்டுவரத் தடை என்று மச்சான் எச்சரித்தார். ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதீங்க மாப்ள என்றார். அங்கேயும் அதே கட்டம்தான். மினியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஊரில் ஒரு ஆளைப் பிடித்துத் தொட்டியைக் கழுவ வைத்தேன். அப்பா கீழே நின்று அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ட்ரோன் 2024 மே மாதம் வந்தது. முதல் சுற்றை முடிக்க மூன்று நாள். ஒரு தொட்டி மட்டும் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் வருவதால் அதற்கு ஃபோனிலேயே அனுமதி வாங்கினேன். நான் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில் ட்ரக்கின் பின்கதவில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். 35 வருஷம் அந்தக் கூரைகளில் நடந்தவர். எனக்கு நிழலாகத் தெரிவது அவருக்குத் துரு என்று தெரியும், துரு என்று நான் நினைப்பதை "அது பழைய பெயின்ட், விடு" என்பார். 11இல் ஒன்பது சரியாக இருந்தன. ஒன்றில் மூடியின் ரப்பர் போயிருந்தது. இன்னொன்றில் காற்றுப் போக்கியின் வலையில் விரல் நுழைகிற கிழிசல், உள்ளே வைக்கோல் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"குருவி" என்றார்.

ட்ரோன் படம் எடுக்கும். வலையை மாற்றாது. மேஸ்திரி ட்ரக்கிலிருந்து பெல்ட்டை எடுத்தார். பையன் போகட்டுமே என்றேன். "இந்த ஏணி எனக்குத் தெரியும், மிஹோ" என்று சொல்லி, பையனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு ஏறினார். அன்று வெயில், ஏணி காய்ந்திருந்தது. நான் ட்ரோனை 15 மீட்டர் தள்ளி நிறுத்திக்கொண்டு, அவர் கால் வைக்கிற ஒவ்வொரு படியையும் ஜூமில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போனதும் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். படம் எடுத்தேன்.